ஞாயிற்றுக்கிழமைச் சவாரி

ஆகஸ்ட் 6, ஞாயிறு

டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் தினமும் டைரி எழுதுவேன். ஓய்வு பெற்றதும் அது விட்டுப்போனது. எழுதும்படி என்ன நடக்கிறது என்ற எண்ணம்தான். இன்று ஏனோ எழுதத் தோன்றுகிறது.

ஜெபாவும் நானும் வட்டக்கோட்டைக்குப் போய்விட்டு வந்தோம். ஜெபமலர் என்பது முழுப்பெயர். நாகர்கோவிலில் பாதிப் பெண்களுக்கு அவள் பி.டி. டீச்சர். கல்லூரி விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். அன்று தொடங்கியது இந்த ஞாயிற்றுக்கிழமைச் சுற்றல். முதலில் பஸ், பிறகு அவளுடைய மொபெட், இப்போது ஸ்கூட்டர். அவளுக்குக் கல்யாணமாகி, ஆல்வின் பிறந்து, வீட்டுக்காரர் தவறி, மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இத்தனைக்கும் நடுவில் ஞாயிறு மட்டும் பெரும்பாலும் தப்பியதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகாததால் என் பக்கம் தடையே இருந்ததில்லை. அவள் ஓட்டுவாள். நான் பின்னால் உட்காருவேன்.

கோட்டை மதில்மேல் காற்று ஆளைத் தள்ளியது. புளிச்சோறும் துவையலும் சாப்பிட்டோம். வெயில் தாழும் முன்பே, "கெளம்புவமா?" என்றாள்.

"எட்டி, இன்னும் சூரியன் எறங்கல்ல."

"வீட்ல ஜோலி கெடக்கு."

"ஒத்தையாளுக்கு என்ன ஜோலி?"

"வாறியா, இல்லியா?"

சூரியன் மறைந்து, சிவப்பெல்லாம் வடிந்த பிறகும் எழுந்திருக்காதவள் அவள். "போவோம் போவோம்" என்று நச்சரிப்பது நான்தான். வயசானால் குணம் மாறும் போலிருக்கிறது. திரும்பும் வழியில் ஒரு வேகத்தடையில் அப்படியே ஏற்றி இறக்கினாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெயிண்ட் அடிக்காமல் வைத்திருக்கிறான் என்று திட்டினாள். பளிச்சென்று வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது.

ஆகஸ்ட் 9

நான் இருக்கிற தம்பி வீட்டில் மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. தம்பி ஆள் கூட்டி வந்தான். ஜெபா போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

ஆகஸ்ட் 17

வடசேரிச் சந்தையில் ஏத்தங்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஜெபா என்னைத் தாண்டிப் போனாள். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். நான் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினேன். அவள் பாட்டுக்கு நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டாள். காய்க்காரி என்னையும் தூக்கின கையையும் பார்த்தாள்.

அவளுக்கு என்மேல் என்ன கோபம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அன்று ஒத்தையாள் என்று சொன்னது தைத்திருக்குமோ. ஒத்தையாள் என்றால் நானும்தானே.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இந்த வாரம் போகவேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே நடக்காதது போல வந்து ஹாரன் அடித்தாள். போனேன்.

தேரூர் குளம். குளக்கரையில் வைத்துத்தான் அவள் என்னைப் பறவை பார்க்கப் பழக்கினாள். நான் லேசில் கண்டுபிடிக்க மாட்டேன். "அன்னா, அந்தக் கட்டைக்குப் பக்கத்துல, எட்டி குருடி, அன்னா" என்று என் தலையைப் பிடித்துத் திருப்புவாள். இன்று நேர்மாறாக நடந்தது. கரையோரம் தாமரை இலைக்குள் ஒரு செந்நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. நான்தான் முதலில் பார்த்தேன். சந்தோஷத்தில் அவள் தோளைத் தட்டினேன்.

"எங்கட்டீ?"

"இன்னா. நேரா இல்ல, எடது பக்கம்."

அவள் முகத்தை மெல்ல மெல்ல இடதுபக்கம் திருப்பினாள், சுவரில் ஆணி தேடுகிறவளைப் போல. நாரை பறந்துவிட்டது. "ஆமா, ஆமா, பாத்தேன்" என்றாள். அது பறந்து நெடுநேரம் ஆன பிறகு.

டீக்கடையில் கண்ணாடி டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தாள். உடைந்தது. கடைக்காரர் "போட்டும் டீச்சர்" என்றார். திரும்பும்போது இடதுபக்கச் சந்திலிருந்து ஓர் ஆட்டோ வந்தது. அவன் பிரேக் போட்டதால் தப்பித்தோம். ஜெபா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு ஹேண்டிலைப் பிடித்தபடியே நின்றாள்.

"எட்டி தாணு, நீ ஓட்டுகியா?"

நான் சிரித்தேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத தாணம்மாளைப் பார்த்து இதைக் கேட்டால் வேறென்ன செய்வது. அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

சொத்தவிளைக் கடற்கரை. பஸ்ஸில் போனோம். ஸ்கூட்டர் ரிப்பேர் என்றாள்.

ஈர மணலில் வெகுதூரம் நடந்த பிறகு சொன்னாள். கண் போகிறதாம். திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் இரண்டு வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

"ரெண்டு பக்கமும் உள்ளது போச்சு, கேட்டியா. நேரா மட்டும் ஒரு குழாய் வழியா பாக்கது மாதிரி. அந்தக் குழாயும் சுருங்கிட்டே வருகு. இருட்டினா அதும் இல்ல."

"ஆப்பரேசன்?"

"ஒண்ணும் இல்ல. மருந்தும் இல்ல."

"அன்னைக்குச் சந்தையில என்னப் பாக்காமப் போனியே."

"சந்தையிலயா? நீயா?" என்று கேட்டாள். "யார் யாரெல்லாம் என்னத் திமிரு புடிச்சவன்னு நெனச்சிட்டிருக்காளோ" என்றாள்.

ஆல்வினுக்குச் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெரிந்தால் அவன் அன்றைக்கே டிக்கெட் எடுத்து வருவான், பெங்களூரில் பன்னிரண்டாம் மாடியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவான் என்றாள். சத்தியம் செய்தேன்.

கடற்கரையில் காற்று பலமாக இருந்தது. கண்ணில் மணல் விழுந்து வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. வரும் வழியில் சம்பா அரிசியும் கருப்பட்டியும் வாங்கினேன்.

செப்டம்பர் 11

தூக்கம் சரியில்லை. காலையில் ஜெபா வீட்டுக்குப் போய், "எனக்கு ஸ்கூட்டர் படிச்சுக் குடு" என்றேன். கொஞ்சநேரம் என் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் ஊதிய விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 15

காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானம். வாட்ச்மேன் ஜெபாவுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டார். நான் வண்டியோடு கோல் கம்பத்தில் மோதினேன். அவள் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து விசில் ஊதினாள். "பிரேக்கு எதுக்குட்டி வச்சிருக்கான், அலங்காரத்துக்கா?" முழங்காலில் சிராய்ப்பு. தம்பி மனைவி மஞ்சள் பற்றுப் போட்டாள். "இந்த வயசுல இது தேவையா மைனி?" என்று கேட்டாள். காய்கறி வாங்க வசதியாக இருக்கும் என்றேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

விழாமல் மைதானத்தைச் சுற்றிவந்தேன். ஜெபா பின்சீட்டில்.

அவளுக்குப் பின்சீட்டில் உட்காரத் தெரியவில்லை. காலை எங்கே வைப்பது, கையை எங்கே பிடிப்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை. வாழ்நாளில் உட்கார்ந்ததே இல்லையாம். வளைவில் என்னோடு சாயாமல் எதிர்ப்பக்கம் சாய்கிறாள். "நான் திரும்பும்போ நீயும் திரும்பணும், இல்லேன்னா ரெண்டுபேரும் சாணியில கெடப்போம்" என்றேன். விசிலை ஊதினாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

லைசென்ஸ் வந்து மூன்றாம் நாள். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம், நான் ஓட்டி. லாரி வரும்போதெல்லாம் ஓரமாக நின்றுவிட்டேன். மதியமாகிவிட்டது போய்ச்சேர.

அந்தப் பாலம் எனக்கு ஒரு கணக்கில் பெரிய இடம். கல்லூரி இரண்டாம் வருஷம் எல்லோரையும் அங்கே கூட்டிப்போனார்கள். அத்தனை உயரத்தில் தண்ணீர் ஓடும் தொட்டியும், பக்கத்தில் ஓர் ஆள் நடக்கிற பாதையும். நடுப்பாலத்தில் கீழே பார்த்துவிட்டேன். கால் மரத்துவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. மற்றப் பெண்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். ஜெபா மட்டும் திரும்பி வந்து என் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தைரியம் சொல்லவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. பொதியை அவிழ்த்து எலுமிச்சைச் சோற்றைப் பாதியாகப் பிரித்தாள். சாப்பிட்டோம். அவள் ஊர்க் கதை ஏதோ சொன்னாள். எப்போது எழுந்து நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

இன்று அவள்தான் முன்னால் நடந்தாள், இடக்கையால் சுவரைத் தடவியபடி. நடுவில் நின்றாள்.

"சொல்லு. என்ன தெரியுகு?"

"ஆறு."

"ஆறுன்னா? டெலிபோன்ல தந்தி வாசிக்கது மாதிரி சொல்லுகியே."

"கலங்கலா ஓடுகு. வலதுகைப் பக்கம் ரப்பர் மரமா, தேக்கான்னு தெரியல்ல. ஒருத்தி துணி தொவைக்கா."

"என்ன கலர்?"

"துணியா? மஞ்சள்னு வையி."

"வையின்னா என்னட்டி, மஞ்சளா இல்லியா?"

இத்தனை வருஷமும் நான் எதையும் சரியாகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியில் போகும்போது அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். அன்னா பார், இன்னா பார் என்று அவள் சொல்வதுதான் எனக்குப் பார்வை. எட்டிப் பார்த்தேன். மஞ்சள் இல்லை, பழுத்த மாம்பழ நிறம். சொன்னேன். "அப்பிடிச் சொல்லு" என்றாள்.

நவம்பர் 8

ஆல்வின் போன் செய்தான், எனக்கு.

"சித்தி, அம்மாக்கு உடம்பு நல்லாத்தான இருக்கு? வீடியோல பேசும்போ என்னப் பாக்காம எங்கயோ பாக்காங்க."

"அவளுக்கு அந்தப் போனப் புடிக்கத் தெரியாது மக்களே."

"ஸ்கூட்டர் ஓட்டுகாங்களா இன்னும்?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போறோமே."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கி வைத்திருப்பதாகவும், ஜன்னலைத் திறந்தால் பூங்கா தெரியும் என்றும், அம்மாவை ஒருதரமாவது வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னான். சொல்கிறேன் என்றேன். ஜெபாவிடம் சொல்ல மறந்துவிட்டது. அவள்தானே சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியத்தைக் காப்பாற்றுவதுதான் முறை.

நவம்பர் 10

இன்றும் மறந்துவிட்டது.

நவம்பர் 20

நேற்று எழுதவில்லை. முட்டத்துப் பாறைக்குப் போயிருந்தோம். மழை விட்டு வெயிலடித்தது. பாறைமேல் நன்றாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தோம். என் போன் அடித்தது, ஆல்வின். அவளுக்குக் கேட்கக்கூடாது என்று எழுந்து பத்தடி தள்ளிப் போனேன். அலைச் சத்தத்தில் உரக்கப் பேசவேண்டியிருந்தது. "அம்மா நல்லா இருக்கா மக்களே, ஒரு கொறையும் இல்ல, என் பக்கத்துலதான் இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் என்னைத் தேடி எழுந்திருக்கிறாள். பாறை முடிகிற இடத்தில் கால் வைத்தாள். அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். கையில் போன் அப்படியே இருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

மீன்பிடிக்கிற இரண்டுபேர் தூக்கிவந்தார்கள். வலது மணிக்கட்டு முறிவு, கணுக்கால் வீக்கம், நெற்றியில் தையல். கடல் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்தாள். அதற்குமேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

நவம்பர் 21

நேற்றுக் காலையிலேயே ஆல்வின் வந்து சேர்ந்தான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். டாக்டரிடம் பேசிவிட்டு வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் இருந்த துண்டை மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான்.

"சித்தி, ஒங்களுக்கு எப்போ தெரியும்?"

"செப்டம்பர்ல."

"அவங்க சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

"ஆமா."

"சரி" என்றான். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தான். அவன் பத்தாம் வகுப்பு எழுதுகிறபோது அவன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்போது ஒரு மாதம் நான்தான் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். டீயைக் குடிக்க முடியவில்லை. சர்க்கரை அதிகம்.

நவம்பர் 29

ஜெபா பெங்களூர் போகிறாள். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அவன் பயந்துபோயிட்டான் தாணு. கொஞ்சநாள் போய் இருக்கேன்" என்றாள்.

"நல்ல முடிவுதான். எனக்கும் இங்க ஏகப்பட்ட ஜோலி" என்றேன்.

ஸ்கூட்டர் சாவியை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

நவம்பர் 30

சாயங்கால ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். பிளாட்பாரத்தில் வாழைக்காய்ச் சிப்ஸ் வாங்கிக் கொடுக்க மறந்துவிட்டேன். அவளுக்குப் பிடிக்கும்.

டிசம்பர் 3, ஞாயிறு

பீரோவை ஒழித்தேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஸ்கூட்டரைக் கழுவி, துடைத்து, போர்வை போட்டு மூடிவைத்தேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

மழை. ஒன்றுமில்லை.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். வருஷாவருஷம் ஜெபா வீட்டில் பிரியாணி. இன்று உப்புமா கிண்டினேன். மத்தியானம் அவளே போன் செய்தாள். ஆல்வினின் வீடு நல்ல வீடாம், லிப்டில் பொத்தானை எண்ணி அமுக்கப் பழகிவிட்டாளாம். ஓர் அம்மாள் வந்து வெள்ளைக் கம்பு வைத்து நடக்கச் சொல்லிக் கொடுக்கிறாளாம்.

"கண்ணு தெரியாதவளேதான், கேட்டியா. ஒத்தைக்கு பஸ் ஏறி வாறா. நான் தப்புப் பண்ணுனா, நான் ஒன்ன ஏசுனது மாதிரியே ஏசுகா." பிறகு, "நீ இந்த ஞாயித்துக்கெழம எங்க போனே?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகல்ல."

"அதுக்கு முந்தின வாரம்?"

வண்டியைக் கழுவி மூடிவைத்திருப்பதைச் சொன்னேன்.

"அப்போ எதுக்குட்டி முட்டிய ஒடச்சு ஸ்கூட்டர் படிச்ச? மூடி வைக்கவா?" அவள் கோபத்தில் குரல் உயர்த்திக் கேட்டு நாளாகிவிட்டது. "நீ போயிப் பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு. இங்க ஜன்னலத் தொறந்தா பூங்கான்னு இவன் சொல்லுகான். எனக்கு ஹாரன் சத்தந்தான் கேக்கு."

டிசம்பர் 31, ஞாயிறு

தனியாக மணக்குடிக்குப் போனேன். பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, காதில் மாட்டுகிற அந்தச் சாமானைப் போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். எக்சேஞ்சில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முகம் தெரியாத எத்தனை ஆயிரம்பேரிடம் பேசியிருக்கிறேன். என் குரலை நான் அப்போது ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

காயலில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, கடலோடு சேருகிற இடத்தில் இரண்டு நிறம், ஒன்று டீ மாதிரி, ஒன்று பச்சைக் கண்ணாடி மாதிரி என்றேன். தோணியில் ஒருவர் நின்றுகொண்டே வலையை உதறுகிறார், அவருக்கு இடுப்பில் சிவப்புத் துண்டு என்றேன். மூன்று கொக்குகள். இல்லை, நான்கு, ஒன்று கரைச்சேற்றில் குனிந்து நிற்கிறது. அவள் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு "ம்" நின்றது. லைன் போய்விட்டதோ என்று, "ஹலோ, ஜெபா" என்றேன்.

"இருக்கேன். நீ நிறுத்தாத" என்றாள்.

ஜனவரி 14, ஞாயிறு

ஆரல்வாய்மொழிப் பக்கம். காற்றாலைகளுக்குக் கீழே நின்று பேசினேன். காற்றில் அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். காற்று மட்டும் கேட்டதாம். அது போதும் என்றாள். மொபெட் பஞ்சராகி, காற்றுக்கு எதிரே அதை இருவரும் தள்ளிக்கொண்டு வந்தோமே, அந்த நாளை ஞாபகப்படுத்தினாள். என் சேலை குடை மாதிரி விரிந்து ஒரு பஸ்ஸே நின்று பார்த்ததாம். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

ஜெபா திரும்பி வருகிறாள்.

அவள் சொன்னாள், பிறகு ஆல்வின் போனை வாங்கிப் பேசினான். சமையல், நடை, கடை எல்லாம் அம்மா பழகிவிட்டார்கள், எங்கள் ஊர்த் தெருவென்றால் இன்னும் சுலபம் என்கிறார்கள், எனக்குப் பயம்தான், ஆனால் இங்கே உட்கார்ந்தே மெலிகிறார்கள் என்றான்.

"சித்தி, ஒண்ணு மட்டும். இனிமே எனக்கு மறைக்கக்கூடாது. விழுந்தா விழுந்தாங்கன்னு சொல்லணும்."

"சொல்லுகேன் மக்களே."

"அன்னைக்கு நீங்க அம்மாக்காகத்தான் மறைச்சீங்க. எனக்குப் புரியுது."



"அவளுக்காக மட்டும் இல்ல மக்களே" என்றேன்.

ஜெபா வீட்டை நாளை போய்ப் பெருக்கவேண்டும். ஒட்டடை அடிக்கவேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரயிலில் இருந்து இறங்கியதும் பையிலிருந்து கம்பை எடுத்து, டக் டக் என்று நீட்டினாள். ஊரில் அவளைத் தெரியாத ஆள் இல்லை. அத்தனை பேர் பார்க்க அதைத் தட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தாள். நான் கூச்சப்பட்டேன். அவள் படவில்லை. ஒரு பெண் கைக்குழந்தையோடு எதிரே வந்து, "டீச்சர்" என்று நின்றுவிட்டாள்.

"யாரு? பேரச் சொல்லு பிள்ளே. எனக்குக் கண்ணு தெரியாது" என்றாள் ஜெபா. 'மணி என்ன' என்று கேட்பது போலச் சாதாரணமாக.

வந்தவள் பெயரைச் சொன்னாள். "கபடியில எடதுபக்கம் நிப்பியே, நீதான?" என்று இவள் கேட்டதும் அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

வீட்டில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். வெளி அறையில் நின்று, "இந்த ரூம் சும்மாதான கெடக்கு. நீ இங்க வந்து இருக்கப்பிடாதா?" என்றாள். அதெல்லாம் சரிப்படாது, தம்பி வீட்டில் எனக்கு நிறைய ஜோலி இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 13

ஜெபா வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டில், தையல் மிஷின், கிரைண்டர் எல்லாம் ஏற்ற ஒரு சின்ன வண்டி போதுமாக இருந்தது. தம்பி முகம் கொடுக்கவில்லை. தம்பி மனைவி மட்டும் கூடவே வந்து அடுக்கித் தந்தாள். "மைனி, ஞாயித்துக்கெழம என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்க" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

எங்கே போகலாம் என்று நேற்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். எதற்கும் அவள் தலையாட்டவில்லை.

"அதெல்லாம் எனக்கு உள்ளேயே இருக்கு தாணு. நான் பாக்காத எடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

அவள் பார்க்காத இடம் இந்த ஜில்லாவில் எது என்று எனக்கு எப்படித் தெரியும். கீரிப்பாறை தாண்டி வாய்க்கு வந்த பக்கமெல்லாம் திருப்பினேன். ரப்பர் தோட்டத்துக்குள் போகிற மண்பாதை ஒன்று. ரப்பர் பால் உறைகிற வாடையை அவள்தான் முதலில் சொன்னாள். பாதை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பெயர் தெரியாத ஓர் ஓடை, மரங்களுக்கு நடுவில், கல்லுக்குக் கல் தாவிப் போய்க்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. நான் சொல்லச்சொல்லக் கேட்டுக்கொண்டு கரையில் நின்றாள். வெயில் இலைக்குள் வடிந்து விழுவதைச் சொன்னேன். எதிர்க்கரையில் வேரெல்லாம் வெளியே தெரிய நிற்கும் மரத்தைச் சொன்னேன். அதன் பெயர் தெரியவில்லை.

"எறங்குவமா?" என்றாள்.

அருவி, ஆறு, கடல், எங்கே போனாலும் இறங்குகிறவள் அவள். கரையில் உட்கார்ந்து செருப்புக்கும் பைக்கும் காவல் இருக்கிறவள் நான். அந்தக் கல்லூரிக் காலம் தொட்டு அப்படித்தான். ஒருதரம்கூட அவள் என்னை வற்புறுத்தியதில்லை, நானும் என் பயத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. துணி நனைந்துவிடும் என்று சொல்வேன்.

கம்பை மடக்கிப் பாறைமேல் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். காலால் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றாள். முன்பின் தெரியாத தண்ணீர். எங்கே ஆழம், எங்கே கல் என்று முதலில் யாராவது இறங்கிப் பார்த்துச் சொல்லவேண்டும். அவள் அதைக் கேட்கவில்லை. சும்மா நின்றாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். பையை வண்டியிலேயே மாட்டினேன். முதல் காலை வைத்ததும் குளிர் தலைவரை ஏறியது. தண்ணீர் பளபளத்ததில் அடி ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் அங்கே கண் இல்லை, பாதம்தான். மெல்ல மெல்லத் தேடிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். இங்கே மணல். இங்கே உருண்டைக் கல், வழுக்கும், வலதுபக்கமாக வா. இங்கே முழங்கால்வரை. ஜெபா என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடு ஓடையில் ஒரு பரந்த பாறை தட்டுப்பட்டது. உட்கார்ந்தோம். தண்ணீர் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போனது.

"எப்பிடிட்டி இருக்கு?" என்று கேட்டாள்.

"பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்" என்றாள். கையைத் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் இருந்தோம். வீட்டுக்கு வரும்போது இரண்டுபேர் சேலையும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆல்வின் போன் செய்தபோது இருவரும் தும்மிக்கொண்டிருந்தோம். சுக்குக் காப்பி போட்டுக் குடித்தோம்.